இயங்குதளத் தடயச் சேகரிப்பு

இயங்குதளத் தடயச் சேகரிப்பு என்பது கணினியின் நினைவகம், வட்டு ஆகியவற்றிலிருந்து மின்னணுச் சான்றுகளைச் சிதைவின்றிப் படியெடுக்கும் தடயவியல் முறை. மின்சாரம் நின்றால் மறையும் ரேம் தரவு முதலில், வட்டு பின்னர் என்ற வரிசையை 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3227 என்ற வழிகாட்டி ஆவணம் பரிந்துரைக்கிறது. மூலமும் நகலும் ஒன்றே என்பதை தரவிலிருந்து கணக்கிடப்படும் எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் மதிப்பு உறுதிசெய்யும்.

இயங்குதளங்களில் விண்டோஸ் தடயம் மிகுந்தது. அதன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் யுஎஸ்பிஸ்டோர் பகுதியில் செருகப்பட்ட பென்டிரைவின் தயாரிப்பு விவரமும் வரிசை எண்ணும், பிரீஃபெட்ச் கோப்புகளில் ஒரு நிரல் எத்தனை முறை, கடைசியாக எப்போது இயங்கியது என்பதும் பதிவாகும். லினக்ஸில் உள்நுழைவுப் பதிவுகளும் பயனரின் கட்டளை வரலாறும் (இது எளிதில் அழிக்கத்தக்கது) உதவும். ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சில்லுள்ள மேக்கில் சேமிப்பகத்தைக் கழற்றிப் படித்தாலும் மறையாக்கப்பட்ட தரவே கிட்டும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுடன் அளிக்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்படுகிறது.