ஜவ்வாது மலையில் கிறிஸ்துமஸ் பரிசளிப்பு

ஜவ்வாது மலைச் சிற்றூர்களுக்கு ஒவ்வொரு டிசம்பர் மாதமும் சமவெளியிலிருந்து கிறிஸ்தவத் தொண்டுக் குழுக்கள் வந்து, எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்குப் புத்தாடை, போர்வை, கேக், எழுதுபொருள் ஆகியவற்றைக் கொடுத்துச் செல்கின்றன. பரிசு பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். ஆகவே இதைத் திருச்சபை வரலாற்றின் ஒரு பகுதியாக மட்டும் பார்க்க இயலாது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே என்ன உறவு என்ற கேள்வி தொடக்கம் முதலே இவ்வழக்கத்துடன் சேர்ந்து வந்துள்ளது.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. ஜமுனாமரத்தூர் இதன் மையமான ஊர். வானியல் ஆய்வகம் அமைந்த காவலூரும் இம்மலையில்தான் உள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். பெயர் ஒத்திருந்தாலும் இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே பொருள். தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் எழுவரே தங்கள் முன்னோர் என்பது இவர்களிடையே வழங்கும் கதை.

சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் மலையின் விளைபொருள்கள். அவை ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. எனவே பெற்றோர் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகின்றனர். பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ அரசு உண்டு உறைவிடப் பள்ளியிலோ வளர்கின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறிக் காவல்துறையினர் 20 தமிழகத் தொழிலாளரைச் சுட்டுக் கொன்றனர். அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். ‘ஏழைக் குழந்தைகள்’ என்று அழைப்பிதழ்களில் அச்சிடப்படும் சொல்லுக்குப் பின்னால் உள்ள வாழ்க்கை இது.

சிறுவர் கொடுத்த காணிக்கை

மலையடிவார வட ஆற்காட்டில் இவ்வழக்கத்தின் முன்வரலாறு ஸ்கடர் குடும்பத்துடன் பிணைந்தது. அமெரிக்க மருத்துவரான ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, 1836இல் சென்னைக்கு மாறினார். அவர் தம் நாட்டுச் சிறுவர்களுக்கென்றே கடிதங்கள் எழுதி நூலாக்கினார். 1842 முதல் 1846 வரை அமெரிக்காவில் தங்கியிருந்தபோது ஊர் ஊராகச் சென்று சிறுவர் கூட்டங்களில் பேசினார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தம் கைக்காசைத் தொலைதேசத்துப் பிள்ளைகளுக்காகச் சேர்க்கும் பழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் காசுடன் பெட்டிகளும் கப்பலேறின. துணிப் பொம்மை, தையல் பை, பென்சில், பழைய வாழ்த்து அட்டை எனப் பலவும் அவற்றில் வந்தன. மிஷன் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் காலப் பரிசளிப்பு விழாவுக்கு இவை பயன்பட்டன.

ஜான் ஸ்கடரின் மகன்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகியோர் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினர். முதலில் அதில் பிரசங்கத்துக்கே முதலிடம். பள்ளியும் மருத்துவமும் வலுப்பெற்றது பிறகுதான்.

பஞ்சமும் பழிச்சொல்லும்

1876–78 தாது வருடப் பஞ்சம் எல்லாவற்றையும் மாற்றியது. பட்டினி கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவை, அப்போது சிறுமியாக இருந்த ஐடா ஸ்கடர் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். ஜானின் பேத்தியான அவர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனையே இன்றைய சி.எம்.சி. அவர் சாலையோரங்களில் மரத்தடி மருத்துவமும் நடத்தினார். அவர் வழியில் வந்த சி.எம்.சி.யின் சமுதாய நலப் பிரிவு ஜவ்வாது மலையிலும் பணியாற்றுகிறது.

அதே பஞ்சத்தின்போது திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவத்தைத் தழுவினர். ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏளனச் சொல் நிவாரணப் பணியைத் தொடர்ந்து வந்தது. பசித்தவருக்குச் சோறு போட்டதையே குற்றமாகக் காண்பது நியாயமல்ல. ஆனால் சோற்றுடன் வேறொன்றையும் எதிர்பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பதும் உண்மையல்ல.

இந்த ஐயம் 2002இல் சட்டமாகவே வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தமிழக அரசு பிறப்பித்த கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தில், ‘ஆசை காட்டுதல்’ என்பதற்குள் பணமாகவோ பொருளாகவோ தரும் அன்பளிப்பும் அடங்கியது. மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் தண்டனை. மதம் மாற்றப்படுபவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் எனில் நான்காண்டும் ஒரு லட்சமும். மலைவாழ்க் குழந்தை ஒரே நேரத்தில் சிறாரும் பழங்குடியும் ஆவதால், மலைக்குப் பரிசு கொண்டு செல்வோர் தம் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டியதாயிற்று. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அச்சட்டம் விலக்கிக் கொள்ளப்பட்டது.

இன்றைய நிலை

காலணிப் பெட்டியில் பொம்மையும் எழுதுபொருளும் அடைத்து அனுப்பும் உலகளாவிய இயக்கம் 1990இல் வேல்ஸ் நாட்டில், ருமேனிய அநாதைக் குழந்தைகளுக்காகத் தொடங்கியது. ஜவ்வாது மலைக்கு வரும் குழுக்களின் முறை பெரிதும் வேறு. திருச்சபைகளின் வாலிபர் ஐக்கியமும் பெண்கள் சங்கமும் டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகக் கீத பவனி சென்று, கிடைக்கும் காணிக்கையில் துணி எடுக்கின்றன. வெளிநாட்டு நிதிக்கான 1976, 2010 ஆண்டுச் சட்டங்களும், பெற்ற நிதியை வேறு அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுத்த 2020 திருத்தமும் உள்ளூர்க் காணிக்கையின் முக்கியத்துவத்தைக் கூட்டியுள்ளன.

எதைக் கொடுப்பது என்பதில் அனுபவம் பேசுகிறது. மார்கழிப் பனியில் மலையில் போர்வையும் ஸ்வெட்டருமே உதவும். பளபளக்கும் மெல்லிய கவுன் ஒரு நாள் மகிழ்ச்சிதான். சீருடை, புத்தகம், காலணி போன்றவற்றை அரசே பள்ளியில் தருவதால் அவற்றை மீண்டும் கொண்டு செல்வதில் பயனில்லை. வயது மட்டும் கேட்டு எடுத்த சட்டை மலைப் பிள்ளைகளுக்குப் பெரிதாகிவிடுகிறது. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அளவுடன் பெயர்ப்பட்டியல் வாங்கும் குழுக்களுக்கு இந்தச் சங்கடம் நேர்வதில்லை.

நாளும் முக்கியம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் விடுதிகள் பூட்டப்பட்டு, பிள்ளைகள் தத்தம் சிற்றூர்களுக்கு நடந்து போய்விடுகின்றனர். ஆகவே கிறிஸ்துமஸ் நாளன்று பரிசுடன் மலையேறுபவருக்கு வெறும் கட்டடமே எஞ்சும். விவரம் அறிந்த குழுக்கள் தேர்வு முடிவதற்கு முன்பே வந்து திரும்பிவிடுகின்றன.