ஷாவும் செக்கும்

வங்கியில் போடுவது செக். லுங்கியில் கட்டம் கட்டமாக ஓடுவதும் செக். லாரியை மறிக்கிற இடம் செக்போஸ்ட். அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதும் செக் பண்ணுவதுதான். இத்தனையும் பிறந்தது ஒரே பாரசீகச் சொல்லில். அரசனைக் குறிக்கும் 'ஷா' அது.

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை எட்டியது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று சொல்லி எச்சரிப்பது ஆட்ட மரபு. அந்தக் குரல் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்தில் முன்னெழுத்து உதிர்ந்து 'செக்' ஆனது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் 'செஸ்'. செக்மேட் என்கிற 'ஷா மாத்'துக்கு 'ராஜா செத்தான்' என்று பொருள் சொல்வார்கள். 'ராஜா கதியற்று நிற்கிறான்' என்ற பாரசீகப் பொருளே எனக்குச் சரியாகப் படுகிறது. இந்த ஆட்டத்தில் ராஜாவை வெட்டுவதே இல்லையே!

செக் வாங்கியவர் முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும், நினைத்த காயை நகர்த்த முடியாது. தடுத்தல், அடக்குதல் என்ற பொருள் அங்கிருந்து வந்தது. தவறைத் தடுக்கக் கணக்கோடு கணக்கை ஒப்பிட்டபோது சரிபார்த்தலும் சேர்ந்துகொண்டது.

இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்வது ஒரு கணக்கு மேசை. இங்கிலாந்து அரசின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1177 வாக்கில் எழுதத் தொடங்கிய நூலில் அதை அருகிருந்து காட்டுகிறார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், காசு உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று பத்தாயிரம் பவுண்டு வரை போகும். மாவட்ட ஷெரீஃப் கட்ட வேண்டிய தொகையை மேலே காசுகளாக அடுக்கி, கட்டியதைக் கீழே அடுக்கிக் கழிப்பார்கள். எழுத்தறியாதவரும் பாக்கியைக் கண்ணால் பார்த்துவிடலாம். சதுரங்கத்தில் இரு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்கிறார் ஃபிட்ஸ்நீல். சதுரங்கப் பலகையின் பிரெஞ்சுப் பெயரே மேசைக்கும், பிறகு கருவூலத்துக்கும் 'எக்ஸ்செக்கர்' என்று ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றும் எக்ஸ்செக்கரின் சான்சலர்தான். கட்டம் போட்ட துணிக்குப் பெயர் தந்ததும் அதே சதுரங்கப் பலகை. மெட்ராஸ் செக்ஸ் என்று நம் நெசவு உலகெங்கும் விற்றது அந்தப் பெயரில்தான்.

வங்கிச் செக் என்ற பெயர் வந்தது 18ஆம் நூற்றாண்டில். முதலில் அது அடிக்கட்டையின் பெயர். பணப் பத்திரத்தில் மோசடி நடக்காமல் தடுக்கவும் ஒத்துப் பார்க்கவும் கொடுத்தவர் வைத்துக்கொண்ட துண்டு அது. நாளடைவில் பெயர் அடிக்கட்டையை விட்டு, கிழித்துக் கொடுக்கும் தாளுக்குப் போய்விட்டது. எக்ஸ்செக்கரைப் பார்த்து ஆங்கிலேயர் அதன் எழுத்துக்கூட்டை மாற்றினார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் கேட்கும் பில்லும் செக்தான்.