பம்பரமும் பார்வையும்

பல நிறங்கள் தீட்டிய பம்பரம் ஒன்றைச் சுழற்றிவிட்டால் அந்நிறங்கள் தனித்தனியே புலப்படுவதில்லை. எல்லாம் கலந்து, அவற்றுள் எதனையும் ஒவ்வாத புதியதொரு நிறமே தோன்றும். சிறுவர் விளையாட்டு என்று நாம் கடந்து செல்லும் இக்காட்சியை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரறிஞர் தம் நூலில் சான்றாக எடுத்து வைத்தார். அவர்தாம் அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைதம். 965-ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தவர். கலீஃபா அல்-ஹாகிமின் சினத்துக்கு அஞ்சி இவர் பித்தரைப் போல் நடித்தார் என்று பிற்காலத்து இப்னுல் கிஃப்தி எழுதியுள்ள கதை சுவையானது. ஆயினும் அது நமக்கு இங்கு வேண்டா.

நம் மேடைகளிலும் மலர்களிலும் இவர் பெயர் அடிபடாமல் இல்லை. ஆனால், 'காமிராவைக் கண்டுபிடித்தவர்' என்ற ஒற்றை அடைமொழியோடு நாம் நிறைவடைந்துவிடுகிறோம். அப்புகழ் அவருக்கு முழுதும் பொருந்துவதன்று. இருட்டறையின் சிறுதுளை வழியே புகும் ஒளி உருக்காட்டுவதை அவருக்கு முன்னரே பிறர் அறிந்திருந்தனர். அவர் மெய்யாகச் சாதித்தது அதனினும் பெரிது.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே காண்கிறோம் என்பது யூக்ளிட், தாலமி போன்ற கிரேக்க மேதைகளின் கொள்கை. நம் அல்-கிந்தியும் அதன் பக்கமே நின்றார். கதிரவனை உற்று நோக்கினால் கண் வலிக்கிறதே, அஃது ஏன் என்று கேட்டார் இப்னுல் ஹைதம். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளியும் நிறமும் நாற்புறமும் நேர்கோட்டில் பரவிக் கண்ணை வந்தடைகின்றன என்று, ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில் நிறுவினார்.

அத்தோடு அவர் நின்றிருந்தால் ஒளியியலார் என்ற பெயரோடு போயிருப்பார். கண்ணுக்கு வந்த நிறம் அறிவுக்கு எவ்வாறு எட்டுகிறது என்றும் ஆராய்ந்தார். மங்கிய இடத்தில் ஒரு பொருளைக் காணும்போது, ஏதோ நிறம் உண்டு என்பதே முதலில் தெரிகிறது. இன்ன நிறம் என்பது கூர்ந்து நோக்கிய பின்னரே துலங்குகிறது. ஆகவே நிறத்தை இனங்காண்பதற்கு, எத்துணைச் சிறிதாயினும், காலம் தேவை. பம்பரம் அந்தக் காலத்தைத் தருவதில்லை! சுழலும் வண்ணங்களைத் தாலமியும் குறித்திருக்கிறார்தாம். அதிலிருந்து அறிவின் இயல்பைப் பற்றிய இம்முடிவை வருவித்ததே இவருடைய தனிச்சிறப்பு. ஒரே சாயப்புள்ளி வெண்மையின் மீது கருத்தும், கருமையின் மீது வெளுத்தும் தோன்றுவதையும் இவர் எழுதினார். காட்சி என்பது கண் மட்டும் செய்யும் வேலையன்று. ஒப்பிட்டும் நினைவுகூர்ந்தும் மனம் வழங்கும் தீர்ப்பும் அதில் உண்டு என்பது இவர் கொள்கை.

அவரிடம் பிழையே இல்லை எனச் சொல்லுதல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. காணும் உறுப்பு கண்ணின் வில்லையே என அவர் கருதினார். உரு விழுவது விழித்திரையில் என்பதை 1604-ல் கெப்ளர் தெளிவாக்கினார். கண்ணில் மூவகை உணர்விகள் இருக்கவேண்டும் என்று தாமஸ் யங் 1802-ல் ஊகித்தார். 1855-ல் ஸ்காத்லாந்தின் மாக்ஸ்வெல் சிவப்பு, பச்சை, நீலத் தாள்களைச் சுழலும் தட்டில் பொருத்தி அவற்றின் கலப்பை அளந்தார். மீண்டும் பம்பரந்தான்! அந்நிற உணர்விகளுக்குரிய மரபணுக்களை ஜெரமி நேதன்ஸ் குழுவினர் 1986-ல் இனங்கண்டனர்.

இப்னுல் ஹைதமின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-ல் பாஸல் நகரில் ரிஸ்னரால் அச்சேறியது. ஐரோப்பியர் அதனைப் பயின்றே வளர்ந்தனர். நம்மவருள் அதற்கு விரிவான உரை கண்டவர் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ. அவர் வந்ததோ ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து. ஆயினும் இலத்தீன் பெயர்ப்பில் முதற்பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்கள் இல்லை. தம் ஆய்வு முறையை அவர் அறிவிக்கும் முன்னுரையும், ஒளியோடு நிறமும் பயணம் செய்து வெண்ணிறப் பொருளின் மீது படிவதைக் காட்டும் சோதனைகளும் அவற்றில்தாம் இருக்கின்றன. அவரை வாசித்த ஐரோப்பா அப்பக்கங்களைக் கண்டதில்லை. அவை அரபுக் கையெழுத்துப் பிரதிகளில், இஸ்தன்பூல் நூலகங்களில் உறங்கிக் கிடந்தன. அவற்றைக் கொண்டு முஸ்தஃபா நழீஃப் 1942-ல் கெய்ரோவில் தம் ஆய்வை வெளியிடத் தொடங்கினார். அப்துல் ஹமீத் ஸப்ரா முதல் மூன்று பாகங்களின் அரபு மூலத்தை 1983-ல் குவைத்தில் பதிப்பித்து, 1989-ல் ஆங்கிலத்திலும் தந்தார்.