ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக்

'''ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக்''' என்பது மகாராட்டிர மாநிலம் புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2020ஆம் ஆண்டில் வெளியான கதைவழிச் சாகச நிகழ்பட ஆட்டம் ஆகும். இந்துத் தொன்மங்களையும் பாலித்தீவுத் தொன்மங்களையும் தழுவி அமைந்த இவ்வாட்டத்தின் பெயருக்கு "ராஜி: ஒரு பண்டைய காவியம்" என்று பொருள் கொள்ளலாம். அசுரர்களால் கடத்தப்பட்ட தம்பியைத் தேடிச் செல்லும் ராஜி என்னும் இளம்பெண்ணே இதன் தலைவி. கதை நிறைவான முடிவின்றி நின்றுவிடுவதால், இதன் தொடர்ச்சி எப்போது வரும் என்ற கேள்வி ஆட்டம் வெளியான நாள் முதலே இரசிகர்களிடையே இருந்து வந்தது. இந்தியாவில் உருவான ஓர் ஆட்டத்தின் கதைத் தொடர்ச்சிக்காகப் பல நாட்டு இரசிகர்கள் காத்திருந்தது அரிதான நிகழ்வு என்பது குறிப்பிடத்தக்கது.

== அடிப்படைத் தகவல்கள் ==

* உருவாக்குநர்: நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்
* வெளியீட்டாளர்: சூப்பர்.காம்
* இயக்குபொறி: அன்ரியல் எஞ்சின் 4
* இசை: லினோஸ் ட்செலோஸ்
* முதல் வெளியீடு: ஆகத்து 18, 2020 (நின்டெண்டோ சுவிட்ச்)
* பிற தளங்கள்: விண்டோசு, பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் (அக்டோபர் 2020)
* வகை: சாகசம், சண்டை
* ஆடுவோர்: ஒருவர்

== கதைச்சுருக்கம் ==

தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் இடையே முற்காலத்தில் நிகழ்ந்த பெரும்போருக்குப் பின் உலகில் நெடுங்காலம் அமைதி நிலவுகிறது. அந்த அமைதியில் மனிதர்கள் பழைய போரை மறந்துவிடுகின்றனர். அசுரர் தலைவனான மகாபலாசுரன் மீண்டும் படையெடுத்து வந்து குழந்தைகளைக் கவர்ந்து செல்கிறான். அவர்களுள் ராஜியின் தம்பி கோலுவும் ஒருவன். பெற்றோர் இல்லாத இவ்விருவருக்கும் ஒருவருக்கு மற்றவரே துணை. கழைக்கூத்து போன்ற வித்தைகளைச் செய்து பிழைக்கும் ராஜியைத் துர்க்கை தன் அருளுக்கு உரியவளாகத் தேர்ந்து சூலத்தை அளிக்கிறாள். திருமாலிடமிருந்து அவளுக்கு வில் கிடைக்கிறது. கோட்டைகள், காடு, பாலைநிலம் எனப் பல இடங்களைக் கடந்து அவள் தம்பியைத் தேடுகிறாள்.

கதையைச் சொல்பவர்கள் துர்க்கையும் திருமாலும் ஆவர். ராஜியின் செயல்களைப் பார்த்துக்கொண்டே அவர்கள் தமக்குள் உரையாடுவதாக இது அமைக்கப்பட்டுள்ளது. சுவரோவியங்களின் அருகே ராஜி சென்று நின்றால், அவற்றில் காணப்படும் புராணக் கதைகளையும் அவர்கள் விளக்குகின்றனர்.

== ஆடும் முறை ==

ஆட்டம் சற்று உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணத்தில் நிகழ்கிறது. ராஜி சுவரில் ஓடுதல், தூணைப் பற்றிச் சுழன்று தாக்குதல், தாவுதல் ஆகியவற்றைச் செய்ய வல்லவள். இவை அவளுடைய வித்தைத் தொழிலோடு பொருந்துமாறு அமைந்துள்ளன. சூலம், வில், வாளும் கேடயமும் ஆகியன அவளுடைய படைக்கலங்கள். சண்டைகளுக்கு இடையே வரும் புதிர்களில் வட்டத் துண்டுகளைச் சுழற்றிப் படத்தை முழுமையாக்க வேண்டும். அவ்வாறு தோன்றும் சில படங்கள் ராஜி, கோலு ஆகியோரின் பழைய நினைவுகளைக் காட்டுகின்றன.

== கலையும் இசையும் ==

ஆட்டத்தில் வரும் கட்டடங்கள் இராசத்தான் கோட்டைகளின் சாயலில் உள்ளன. வண்ணங்களில் இமயமலை அடிவார நாடுகளில் வளர்ந்த பகாரி ஓவிய மரபின் தாக்கத்தைக் காணலாம். பாலித்தீவுத் தொன்மத்தில் வரும் இரங்தாவும் எதிரிகளுள் ஒருத்தியாக இடம்பெறுகிறாள்.

கதைக் காட்சிகள் நிழற்பாவைக் கூத்தின் வடிவில் அமைக்கப்பட்டுள்ளன. இக்கலைக்குத் தமிழ்நாட்டில் தோற்பாவைக்கூத்து என்று பெயர். கன்னியாகுமரி, திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டங்களில் மரபுவழிக் குடும்பங்கள் ஆட்டுத்தோலால் செய்த பாவைகளைக் கொண்டு இராமாயணக் கதையை நிகழ்த்தி வந்துள்ளன. அவற்றைப் பார்த்திருக்கும் தமிழ்ப் பயனர்களுக்கு இவ்வாட்டத்தின் காட்சிகள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

== உருவாக்கம் ==

நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2017ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அவிச்சல் சிங், சுருதி கோஷ், இயன் மாட் ஆகியோர் இதன் நிறுவனர்கள். அதே ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றனர். அத்தளத்தின் விதிப்படி, குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை முழுமையாகச் சேர்ந்தால் மட்டுமே பணம் உருவாக்குநருக்குக் கிடைக்கும். ராஜிக்கு இலக்கு எட்டப்படவில்லை. எனவே அறிவிக்கப்பட்ட ஆதரவுத் தொகையும் குழுவுக்குக் கிடைக்கவில்லை.

பின்னர் எபிக் கேம்ஸ் நிறுவனம் அன்ரியல் எஞ்சின் பயனர்களுக்கு வழங்கும் மானியம் இக்குழுவுக்குக் கிடைத்தது. வெளியீட்டாளரும் அமைந்த பின்னரே பணி நிறைவுக்கு வந்தது. கதை சுருக்கமாக அமைந்ததைப் புரிந்துகொள்ள இப்பின்னணி உதவும்.

== வெளியீடும் வரவேற்பும் ==

ஆகத்து 18, 2020 அன்று நின்டெண்டோ சுவிட்ச் கருவியில் ஆட்டம் வெளியானது. ஏனைய தளங்களுக்கு அதே ஆண்டு அக்டோபர் மாதம் வந்தது. 2022ஆம் ஆண்டில் இந்திக் குரல்பதிவுடன் மேம்படுத்திய பதிப்பு வெளியிடப்பட்டது. பின்னர் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்கான கைபேசிப் பதிப்பும் வந்தது. 2020ஆம் ஆண்டு த கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுகத் தற்சார்பு ஆட்டத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் ராஜி இடம்பெற்றது. அவ்விருதை ஃபாஸ்மோஃபோபியா பெற்றது.

திறனாய்வாளர்கள் ஓவியத்தையும் இசையையும் பாராட்டினர். சண்டையின் போது கட்டுப்பாடுகள் விரைவாக இயங்கவில்லை என்பதும், ஆட்டம் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதும் குறைகளாகச் சொல்லப்பட்டன. திடீரென்று நின்றுவிடும் முடிவு மற்றொரு குறையாகச் சுட்டப்பட்டது.

== தொடர்ச்சி குறித்த எதிர்பார்ப்பு ==

=== எதிர்பார்ப்பின் தன்மை ===

தொடர்ச்சியை வேண்டுவோர் அனைவரும் ஒரே காரணத்துக்காக வேண்டுவதில்லை. ஆட்டத்தின் இயக்கம் பிடித்திருந்தால் புதிய களங்களும் புதிய எதிரிகளும் போதும். கதையை மையமாகக் கொண்ட ஆட்டத்தில் நிலைமை வேறு. பயனர் கோலுவைத் தேடுவதற்காகவே ஒவ்வொரு தடையையும் கடக்கிறார். அவனைப் பற்றிய கேள்விக்கு நிறைவான விடை கிடைக்காதபோது, அதுவரை செய்த முயற்சியே பாதியில் நிற்பதாக அவருக்குத் தோன்றும். திரைப்படம் பார்ப்பவர் பிறர் செயலைக் காண்கிறார். ஆட்டம் ஆடுபவரோ தாமே ராஜியாகச் செயல்பட்டிருக்கிறார். ஏமாற்றம் மிகுவதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும்.

=== காலந்தாழ்வதற்கான காரணங்கள் ===

கதைவழி ஆட்டங்களின் தொடர்ச்சி தாமதமாவதற்குப் பொதுவாகப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன:

* '''நிதி''': முதல் ஆட்டத்தின் வருவாயில் வெளியீட்டாளரும் விற்பனைத் தளங்களும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரே மீதி உருவாக்குநரை அடைகிறது. அடுத்த ஆட்டம் முடியும் வரை ஊதியம் வழங்க அத்தொகை போதாமல் போகலாம்.
* '''தொழில்நுட்ப மாற்றம்''': இயக்குபொறியின் புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய நிரல்களிலும் காட்சிப் பொருட்களிலும் பெரும்பகுதியைத் திருத்த வேண்டியுள்ளது. கருவிகளின் தலைமுறையும் இடையில் மாறிவிடுகிறது.
* '''குழு''': ஓர் ஆட்டம் முடிந்ததும் கலைஞர்களும் நிரலாளர்களும் வேறு பணிகளுக்குச் செல்வது வழக்கம்.
* '''புதிய பயனர்''': தொடர்ச்சியை வாங்குவோருள் முதல் ஆட்டத்தை ஆடாதவர்களும் இருப்பர். அவர்களுக்கும் புரியுமாறு கதையைத் தொடங்குவது எளிதன்று.

=== பிற நாட்டு எடுத்துக்காட்டுகள் ===

சப்பானின் யூ சுசுகி உருவாக்கிய ''சென்மூ'' (1999), ''சென்மூ 2'' (2001) ஆகியவற்றின் கதை நடுவில் நின்றது. 2015ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் வழியே இரசிகர்கள் 63 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் வழங்கினர். 2019ஆம் ஆண்டில் வெளியான மூன்றாம் பகுதியிலும் கதை முடிவுக்கு வரவில்லை.

வால்வ் நிறுவனத்தின் ''ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ'' (2007) ஒரு முதன்மைப் பாத்திரத்தின் மரணத்தோடு முடிகிறது. அதன் நேரடித் தொடர்ச்சியான மூன்றாம் பகுதி வெளிவரவே இல்லை. அத்தொடரின் எழுத்தாளர் மார்க் லைட்லா, நிறுவனத்திலிருந்து விலகிய பின், 2017ஆம் ஆண்டில் பெயர்களை மாற்றி ஒரு கதைச்சுருக்கத்தை வெளியிட்டார். இரசிகர்கள் அதனையே வராத பகுதியின் கதையாகக் கொண்டனர். ''சைக்கோனாட்ஸ்'' (2005) ஆட்டத்தின் இரண்டாம் பகுதி 16 ஆண்டுகள் கழித்து 2021இல் வெளியாகிப் பாராட்டுப் பெற்றது. நீண்ட காத்திருப்பு எப்போதும் ஏமாற்றத்தில் முடிவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

=== தமிழ்ச் சூழலில் ஒப்புமை ===

கதை தொடர வேண்டும் என்ற வேட்கை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கல்கியின் ''பொன்னியின் செல்வன்'' (1950-1954) முடிந்தபோது பாத்திரங்களின் பிற்கால வாழ்வு குறித்து வாசகர்களுக்கு எழுந்த கேள்விகளுக்காக அவர் முடிவுரை எழுத நேர்ந்தது. பிற்காலத்தில் விக்கிரமன் ''நந்திபுரத்து நாயகி'' என்னும் தொடர்ச்சியைப் படைத்தார். திரைத்துறையில், செல்வராகவன் இயக்கிய ''ஆயிரத்தில் ஒருவன்'' (2010) தொடர்ச்சிக்கு இடம்விட்டு முடிந்தது. அதன் இரண்டாம் பகுதி தனுஷ் நடிப்பில் 2024இல் வெளிவரும் என்று சனவரி 1, 2021 அன்று அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்படம் வெளிவரவில்லை.

புதினத்தின் தொடர்ச்சியை ஓர் எழுத்தாளர் தனியாக எழுதிவிட முடியும். நிகழ்பட ஆட்டத்துக்கு நிரலாளர், ஓவியர், இசையமைப்பாளர், சோதனையாளர் எனப் பலரின் பல ஆண்டு உழைப்பு தேவை. ஆகவே இரசிகர்களின் ஆர்வம் மட்டும் தொடர்ச்சியைக் கொண்டுவந்துவிடாது.

=== ராஜி: கலியுகா ===

2025ஆம் ஆண்டில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் ''ராஜி: கலியுகா'' என்னும் தொடர்ச்சியை அறிவித்தது. முதல் ஆட்டம் வெளியாகி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து இவ்வறிவிப்பு வந்தது. இந்துக் காலக்கணிப்பின் நான்கு யுகங்களுள் கடைசியானது கலியுகம். அறம் குன்றும் காலமாக அது புராணங்களில் கூறப்படுகிறது. எனவே தலைப்பே முதல் ஆட்டத்தைவிட இருண்ட கதையைக் குறிப்பால் உணர்த்துகிறது எனலாம்.

இந்தியாவின் பல மென்பொருள் கலைஞர்கள் பிற நாட்டு நிறுவனங்களின் ஆட்டங்களுக்கு ஒப்பந்த முறையில் பணியாற்றி வந்துள்ளனர். அவ்வாறு செய்யும் பணியில் கதையின் உரிமை அவர்களுக்கு இருப்பதில்லை. தாம் படைத்த ஒரு பாத்திரத்தின் கதையைத் தாமே தொடரும் வாய்ப்பை ஓர் இந்தியக் குழு பெற்றிருப்பதனாலேயே, ராஜியின் தொடர்ச்சி அதன் இரசிகர் வட்டத்துக்கு வெளியிலும் கவனிக்கத்தக்கதாகிறது.

== இவற்றையும் பார்க்க ==

* வெண்பா (நிகழ்பட ஆட்டம்): கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ஆட்டம் (2023)
* தோற்பாவைக்கூத்து
* சென்மூ
* கூட்டு நிதி திரட்டல்
* யுகம்