டிராகுலா: பெயர்ப்பொருளும் பெயரெண்ணும்

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை மொழிநூலார் ஆராய்வர். பெயருக்கும் எண்ணுக்கும் உறவு உண்டெனக் கொண்டு எண்சோதிடர் வேறொரு வழியிற் செல்வர். அச்சக்கதைகளில் வரும் கொடியோரின் பெயரெண்ணிலேயே அவர்தம் கொடுமை அடங்கியுள்ளது என்பாரும் உளர். இக்கூற்று வரலாற்றின் முன் நிற்குமா என்பதை, அத்தகு பெயர்களுள் புகழ்மிக்க 'டிராகுலா' என்பதைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தையே எண்ணாக வழங்குதல் பழைய வழக்கமாம். எபிரேயரும் கிரேக்கரும் தம் நெடுங்கணக்கு எழுத்துக்களை எண்குறிகளாகவும் கையாண்டனர். ஆதலின் அவர்தம் பெயர் ஒவ்வொன்றும் ஒரு தொகையாகவும் அமைந்தது. விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாடு, கொடிய விலங்கொன்றற்கு 666 என்னும் எண்ணைக் கூறுகின்றது. உரோமப் பேரரசன் நீரோவின் பெயரை 'நீரோன் கேசர்' என எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டின், 306-உம் 360-உம் சேர்ந்து 666 ஆகும். ஈற்று னகரமின்றி எழுதின் 616 ஆகும். பழஞ்சுவடிகள் சிலவற்றில் 616 என்னும் பாடமே காணப்படுகின்றது. ஆதலின் அவ்வெண் நீரோவையே குறிக்கும் என்பது அறிஞர் பலர் கருத்து. அவர் கருத்துப்படி, அஃது ஒருவன் ஊழைக் கூற வந்ததன்று. வெளிப்படக் கூறலாகாத பெயரை மறைத்துக் கூற வந்த குறியேயாம்.

இக்கால எண்சோதிடத்தின் இயல்பு வேறு. அஃது ஆங்கில எழுத்துக்களுக்கு எண் வகுப்பது. அதன்கண் இருவேறு முறைகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று, எழுத்துக்களை வரிசைப்படி ஒன்று முதல் ஒன்பது வரை மீண்டும் மீண்டும் எண்ணுவது. பிதாகரசின் பெயரால் வழங்கும் இம்முறை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவியது. மற்றொன்று, அயர்லாந்தினரான கீரோ (1866–1936) என்பார் தம் எண் நூலால் பரப்பிய கல்தேயர் முறை. தமிழ்நாட்டில் பெயரெண் பார்ப்போர் பெரிதும் கைக்கொள்வது இதுவே. இதன் மதிப்புக்களிற் பெரும்பாலன, எபிரேய எழுத்தின் எண்களில் சுழியை நீக்கிப் பெற்றவை என்பது ஒப்பிட்டு நோக்குவார்க்குப் புலனாகும். எபிரேயத்தில் லகர எழுத்து 30, ஈண்டு 3. ரகர எழுத்து ஆண்டு 200, ஈண்டு 2.

இனி, டிராகுலா என்னும் பெயர் வந்த வரலாற்றைக் காண்போம். பிராம் சுடோக்கர் (1847–1912) இந்நாவலுக்காக எழுதிவைத்த குறிப்புக்கள் பிலடெல்பியா நகரத்து ரோசன்பாக் காட்சியகத்தில் உள்ளன. 1890-இல் தொடங்கிய அக்குறிப்புக்களில் கதையின் கொடியோனுக்கு முதலில் இட்ட பெயர் 'வாம்பைர்' என்பது. இரத்தங்குடிக்கும் பேய்க்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரின் ஒரு வடிவம் அது. அவ்வாண்டுக் கோடையில் விட்பி என்னும் கடற்கரையூரில் தங்கியபோது, வில்லியம் வில்கின்சன் 1820-இல் வெளியிட்ட வலாக்கியா, மால்டேவியா நாடுகளைப் பற்றிய நூலைச் சுடோக்கர் பயின்றார். வலாக்கிய மொழியில் 'டிராகுலா' என்பது பேயைக் குறிக்கும் என்னும் அடிக்குறிப்பை அங்குக் கண்டு படியெடுத்துக்கொண்டார். பின்னர் முன்னைய பெயரை அடித்துவிட்டு இப்பெயரை எழுதினார். நாவல் 1897-இல் வெளிவந்தது. கீரோவின் எண் நூலோ 1920-களில் தோன்றியது. ஆகவே இப்பெயர் தெரிவுபெறக் காரணமாக நின்றது பொருளே என்பது தெளிவு.

இனி எண்ணை நோக்குவோம். கல்தேயர் முறையில் டிராகுலா என்னும் பெயரின் ஏழெழுத்துக்கும் முறையே 4, 2, 1, 3, 6, 3, 1; தொகை 20. வானவன் எக்காளம் ஊத, ஆணும் பெண்ணும் குழந்தையும் கல்லறையினின்று எழுவதாகிய உருவத்தைக் கீரோ இவ்வெண்ணுக்குக் கூறுவர். கல்லறையினின்று எழும் டிராகுலாவுக்கு இது பொருந்துவது கண்டு வியப்பார் உண்டு. ஆயின் அவ்வுருவம் டாரட் என்னும் சீட்டுக்களில் இருபதாம் சீட்டின் ஓவியமே. கைகூப்பி எழும் அவர்கள் நற்பணிக்கு விழித்தெழுவோராகக் கொள்ளப்படுவரேயன்றிக் கொடியோராகார். மேலும், டிராகுலாவை எதிர்த்து நிற்கும் நல்லோனாகிய வான் ஹெல்சிங்கின் முதற்பெயர் ஆபிரகாம். அதன் தொகை 16. இடிவீழ்ந்து தகரும் கோபுரமும் அதனின்று விழும் மனிதனுமே அவ்வெண்ணின் உருவம். எண்ணை நம்பின், கொடியோனினும் நல்லோனுக்கே அஞ்சுதல் வேண்டும்!

பிதாகரசு முறையில் டிராகுலாவின் தொகை 24. இரண்டையும் நான்கையும் கூட்ட 6. இல்லப்பற்று, அன்பு, பொறுப்பு என்பன ஆறுக்கு உரைக்கப்படும் பண்புகள். விலக்கப்பட்ட 'வாம்பைர்' என்னும் பெயரின் தொகை 33. அதுவும் 6 ஆகவே முடியும். ஒன்றை அடித்து மற்றொன்றை ஏன் எழுதினார் என்னும் வினாவுக்கு, இரண்டற்கும் ஒரே விடை தரும் எண்ணால் யாது பயன்?

1922-இல் மூர்ணோ என்பார் ஜெர்மனியில் எடுத்த 'நோசபெராட்டு' திரைப்படம், உரிமை பெறாமலே இக்கதையைத் தழுவி, கொடியோனுக்கு 'ஓர்லோக்' எனப் பெயரிட்டது. கல்தேயர் முறையில் அதன் தொகை 21. வெற்றியும் உயர்வும் தரும் எண் என்பர். ஆயின் சுடோக்கரின் மனைவியார் தொடுத்த வழக்கில், 1925-இல் படச்சுருள்களை அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. சில படிகள் தப்பின. படம் பின்னர்ப் பெரும்புகழ் எய்தியது. அழிவைக் காட்டினால் எண் பொய்த்ததென்னலாம். புகழைக் காட்டினால் மெய்த்ததென்னலாம். எந்நிகழ்ச்சிக்கும் பின்னின்று பொருந்துவது எதனையும் முன்னறிவித்ததாகாது.

இறுதியாக ஒன்று. மேரி செல்லி 1818-இல் வெளியிட்ட 'பிராங்கன்சுடைன்' நாவலில் அச்சந்தரும் உயிர்க்குப் பெயரே இல்லை. பிராங்கன்சுடைன் என்பது அதனைப் படைத்தவன் பெயர். 1823-இல் அக்கதை இலண்டனில் நாடகமானபோது, நடிகர் பட்டியலில் அப்பாத்திரத்தின் பெயரிடத்தில் வெறுங்கோடே இடப்பட்டது. கூட்டுதற்கு ஓரெழுத்தும் இல்லை. ஆயினும் அச்சம் குறையவில்லை. பெயரின் ஆற்றல் அதனை வழங்கிய மக்களின் மொழியிலும் நினைவிலும் கதையிலும் உள்ளது; அங்கே தேடுதலே ஆராய்ச்சியாகும். நம் குழந்தைகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, எண்ணுக்காக ஓரெழுத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்ற முற்படுவோரும் இதனைச் சிந்தித்தல் நன்று.