சாணத்துக்கு என்ன விலை?



சென்ற மார்கழியில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாரத்தில் வந்த இரண்டு செய்திகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒன்று, "இரண்டாவது தெரு முனையில் மறுபடியும் சாணி. சங்கம் என்ன செய்கிறது?" மற்றொன்று, "கோலத்தில் பூசணிப்பூ வைக்கக் கொஞ்சம் பசுஞ்சாணம் எங்கே கிடைக்கும்?" கேட்டவர் வீட்டுக்கும் அந்தத் தெருமுனைக்கும் நடுவே நான்கு மனைகள்தான். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானே ஒரு ஹோமத்துக்காக ஐந்து வரட்டிகளை 75 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். அவை அட்டைப்பெட்டியில், பிளாஸ்டிக் சுற்றி, பத்திரமாக வந்து சேர்ந்தன. அதே நாள் காலையில் கேட் வாசலில் கிடந்த சாணத்தைக் கழுவிவிட ஒருவருக்கு 50 ரூபாய் கொடுத்திருந்தேன்.

இந்தக் கணக்கு மனதை உறுத்தவே, சாணத்துக்கு யார், எப்போது, என்ன விலை கொடுத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வரும் பொதுக்குழுவில் மாடுகள் பற்றிய தீர்மானம் ஒன்று வரவிருப்பதால், படித்ததை உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

சாணம் என்றதும் வயலைத்தான் நினைப்போம். ஆனால் கதையைத் துணியில் தொடங்கவேண்டும். சென்னை என்ற ஊர் வந்ததே துணிக்காகத்தான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரையில் இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணம், இங்கே நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. 1734-ல் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் துணியில் சித்திரம் எழுதுபவர்களையும் குடியமர்த்த உருவானது சிந்தாதிரிப்பேட்டை.

அந்தச் சித்திரத் துணிக்கு ஐரோப்பாவில் பைத்தியமாக அலைந்தார்கள். எத்தனை முறை துவைத்தாலும் சிவப்பு மங்காது, வெள்ளை மட்டும் பளிச்சென்று இருக்கும். ரகசியம் என்ன என்று வந்தவர்கள் எல்லோரும் துருவினார்கள். புதுச்சேரிப் பக்கம் இருந்த கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1742-ல் இந்த வேலைமுறையை விரிவான கடிதமாகவே எழுதி அனுப்பினார். கோரைத் துணியை ஆட்டுப் புழுக்கையோ மாட்டுச் சாணமோ கரைத்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு அலசி, வெயிலில் விரித்து, காயக்காயத் தண்ணீர் தெளிப்பார்கள். அடுத்து கடுக்காயும் பாலும். படிகாரத்தால் கோலம் எழுதி, சாயவேர் போட்டுக் காய்ச்சினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். படாத இடத்தில் லேசாக ஒட்டிய சாயத்தை நீக்க மறுபடியும் சாணத் தண்ணீர், மறுபடியும் வெயில். காளஹஸ்தியிலும் மசூலிப்பட்டினத்திலும் கலம்காரி செய்பவர்கள் சாணத்தை இன்றும் விடவில்லை.

இந்த வித்தை இங்கிலாந்துக்குப் போனபோது சாணமும் கூடவே போனது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லங்காஷயர் அச்சுத்துணி ஆலைகளில் சாணம் கரைத்த சுடுநீர்த் தொட்டிகள் இருந்தன. அந்த வேலைக்கு 'டங்கிங்' என்றே பெயர். நீராவி எந்திரம் ஓடும் ஆலையில் சாணித்தொட்டி! சாணத்தில் உள்ள பாஸ்பேட், துணியில் எழுதிய படிகாரத்தை இறுகப் பிடிக்கவைக்கிறது, உதிரியாக நிற்பதை வெள்ளைப் பகுதியில் படியவிடாமல் தடுக்கிறது என்று வேதியியலாளர்கள் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அதன்பின் சாணம் இல்லாமலே அதே வேலையைச் செய்ய மாற்று உப்புகளைத் தேடினார்கள். தேடியவர்களில் ஒருவர் ஜான் மெர்சர். நூல்கண்டிலும் வேட்டியிலும் 'மெர்சரைஸ்டு' என்று பார்க்கிறோமே, அந்த மெர்சர்தான். பாஸ்பேட் உப்பு வந்தது. ஆர்சனேட் என்ற உப்பும் வந்தது. ஆர்சனிக் என்றால் பாஷாணம். சாணத்துக்குப் பதிலாகப் பாஷாணத்தைக் கரைத்த ஆலைகளின் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்களைச் சொல்லிச் சிரிக்கவும் முடியவில்லை. நம் கொங்குப் பக்கத்தில் அதே கதை வேறு விதமாக நடந்தது. ஊர் வளர்ந்து மாடு குறைந்ததும், வாசல் தெளிக்கச் 'சாணிப் பவுடர்' என்று பச்சையிலும் மஞ்சளிலும் ஒரு சாயத்தைப் பொட்டலம் போட்டு விற்றார்கள். அதில் சாணம் துளியும் கிடையாது. கொடிய நஞ்சு அது. பல உயிர்கள் போனபிறகு அரசு அதைத் தடுக்கக் கிளம்பவேண்டி வந்தது. வாசலைச் சுத்தமாக்கும் என்று நம்பிய பொருளுக்கு நிறம் மட்டும் மிஞ்சி, விஷம் சேர்ந்தது.

இனி வயலுக்கு வருவோம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலை நான்கு வழிச் சாலையாகி, ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வருவதற்கு முன் படப்பையும் மணிமங்கலமும் ஏரிப்பாசன நெல் ஊர்கள். நம் மனைகளும் ஒரு காலத்தில் எரு வண்டி இறங்கிய நிலங்கள்தான். வீட்டுக்கு ஒரு எருக்குழி இருக்கும். கோடையில் அதை வெட்டி, வண்டி வண்டியாக வயலில் கொட்டிக் குவிப்பார்கள். தெற்கே இன்னொரு வழக்கம். மதுரை, சிவகங்கைப் பக்கம் புலிக்குளம் மாடுகளை ஓட்டிவந்து அறுவடை முடிந்த வயலில் இரவு முழுக்க அடைப்பதைக் கிடை போடுதல் என்பார்கள். ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பணமாகவோ நெல்லாகவோ கூலி. அந்த மாடுகளை வளர்ப்பவர்களுக்குப் பாலைவிடக் கிடைக்கூலிதான் முதல் வருமானம். சாணத்துக்கு விலை என்பது புதிதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1889-ல் இங்கிலாந்திலிருந்து வோல்கர் என்ற விவசாய வேதியியலாளர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க அனுப்பப்பட்டார். 1893-ல் வெளிவந்த அவருடைய அறிக்கையின் பெரும் கவலைகளில் ஒன்று, சாணம் அடுப்பில் எரிந்துபோவது. ஆனால் அவர் குடியானவனைத் திட்டவில்லை. விறகு இல்லாததால்தான் வரட்டி தட்டுகிறான், விறகுக்குத் தோப்பு வளர்த்துக் கொடுங்கள், சாணம் தானாக வயலுக்குப் போகும் என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

அவர் சொன்னதைவிட உரமூட்டை வேகமாக வந்தது. 1906-ல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் தயாரித்தது. 1971-ல் மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உற்பத்தி தொடங்கியது. வண்டி கட்டி எரு அடிப்பதைவிட மூட்டையைப் பிரித்துத் தூவுவது சுலபம்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். மக்கிய தொழுவுரம் 1 டன்னில் தழைச்சத்து சுமார் 5 கிலோ, மணிச்சத்து 2 கிலோ, சாம்பல்சத்து 5 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து மட்டும் 20 கிலோவுக்கு மேல். மானிய விலையில் மூட்டை 242 ரூபாய், வரி தனி. அப்படியானால் ஒரு டன் எருவில் இருக்கும் தழைச்சத்தின் விலை அறுபது ரூபாய்க்குள். சாணத்தைப் பொன் என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்கள். உரமூட்டையோடு தழைச்சத்தில் போட்டி போட்டால் சாணம் தோற்கும். ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் சோறு போடுவது யூரியாவால் ஆகாது. அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகம் ரசாயன உரம் பரிந்துரைக்கும்போதும் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரத்தை முதலில் எழுதுகிறது. இதே ஊரில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கிலோக் கணக்கில் எரு வாங்குவதும் அதற்காகத்தான்.

எரிப்பதா, எருவாக்குவதா என்ற வோல்கரின் சிக்கலை அவிழ்த்தது சாண எரிவாயு. பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்தார்கள். 1960-களில் கதர் கிராமத் தொழில் ஆணையம் சாணக் கலனைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. வாயு அடுப்புக்கு, மிச்சக் கரைசல் வயலுக்கு. சுமார் 25 கிலோ சாணத்திலிருந்து ஒரு கனமீட்டர் வாயு வரும். அது 430 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம்.

அண்மைக் காலத்தில் விலைகள் வேடிக்கையாக இருக்கின்றன. 2020 ஜூலையில் சத்தீஸ்கர் அரசு கிலோ 2 ரூபாய்க்குச் சாணம் கொள்முதல் செய்யத் தொடங்கியது. 2021 ஜனவரியில் சாணத்தில் செய்த சுவர் பெயின்ட் வெளிவந்தது. டிஸ்டெம்பர் லிட்டர் 120 ரூபாய், எமல்ஷன் 225. அதை உருவாக்கிய ஜெய்ப்பூர் நிறுவனம், தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவின் பெயரில் இருப்பது. நம் பாட்டி தரையில் கைக்காசு இல்லாமல் மெழுகியது, இப்போது டப்பாவில் அடைத்துச் சுவருக்கு.

சரி, நம் தெருவுக்கு வருகிறேன். பின்பக்கத் தெருவில் மாடு வைத்திருக்கும் அந்த அம்மாவிடம் ஆறு மாடுகள். நம் நகர் வருவதற்கு முன்பே அவர்கள் குடும்பம் அங்கே இருக்கிறது. மாட்டுக்குப் பத்துக் கிலோ என்று வைத்தால் நாளைக்கு 60 கிலோ சாணம். சத்தீஸ்கர் விலையில் மாதம் 3,600 ரூபாய். வாயுவாக்கினால் இரண்டு வாரத்துக்கு ஒரு சிலிண்டர் மாதிரி. இப்போது அதில் பாதிக்குமேல் மழைநீர்க் கால்வாயில் தள்ளப்படுகிறது. "நெலம் இருந்தப்ப போட எடம் இருந்துச்சு சார், இப்ப எங்க போடறது?" என்று அவர் என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கால்வாய் ஏரிக்குப் போகிறது. லங்காஷயரில் சாயத்தைப் பிடித்து நிறுத்திய அதே பாஸ்பேட், ஏரியில் ஆகாயத்தாமரைக்குத் தீனி.

வரும் தீர்மானம் மாடுகளை அப்புறப்படுத்தக் கோருகிறது. புகார் கொடுத்தவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். ஈயும் நாற்றமும் கற்பனை இல்லை, போன மழையில் வழுக்கி விழுந்த பெரியவருக்கு முழங்கையில் தையல் போட்டது பொய் இல்லை. அதோடு சேர்த்து இன்னொன்றையும் வாக்கெடுப்புக்கு வையுங்கள் என்று செயற்குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பூங்காவின் மேற்கு மூலையில், குடிநீர்க் கிணற்றிலிருந்து தள்ளி, பத்துக்கு ஆறடியில் மூடி போட்ட எருக்குழி ஒன்று. காலையில் அந்த அம்மா வீட்டுச் சாணமும் நம் வீடுகளின் சருகும் அதில். சாணத்துக்குக் கிலோ ஒரு ரூபாய் சங்கம் கொடுக்கவேண்டும், இலவசமாகக் கேட்கக்கூடாது. பதிலுக்குத் தெருவில் மாடு அவிழ்த்துவிடாமல் கட்டிவைக்க அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

செலவுக்குப் பணம் எங்கே என்பீர்கள். பூங்காவுக்கும் சாலையோர மரங்களுக்கும் நர்சரியில் எரு வாங்கிய ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. கூட்டத்துக்கு அவற்றை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.