யாழ்ப்பாணத்துக் கண்மையும் கைம்பெண்ணும்

கடை மை பரவுமுன் யாழ்ப்பாணத்து இல்லங்களிற் கண்மை ஆக்குதல் பெண்களின் கூலியற்ற உழைப்பாகவே நிலவிற்று. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெண்துணியைத் தோய்த்து, நிழலில் உலர்த்தி, திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரிப்பர். சுடரின்மேற் கவிழ்த்த செப்புத் தட்டிற் படியும் புகைக்கரியைச் சுரண்டி, நெய்யிற் குழைத்துச் சிமிழில் இடுவர். தட்டு உயர்ந்தாற் கரி படியாது. தாழ்ந்தாற் சுடர் அணையும். இக்கைப்பக்குவம் முதிய பெண்களிடமே தங்கியிருந்தது. அவருட் கைம்பெண்களும் அடங்குவர் என்பது நோக்கற்பாலது. பூவையும் பொட்டையும் மையையும் அவர்க்கு விலக்கிய வழக்கம், மை ஆக்கும் வேலையை விலக்கவில்லை. 1844இல் மார்க்ஸ் கூலித் தொழிலாளியிடம் கண்ட அந்நியமாதல் அடுக்களையிலும் நிகழ்ந்தது. வனப்பை மட்டும் போற்றும் ஆய்வாளர் இதனைக் காண்பதில்லை. பேரப்பிள்ளைக்கு மையிட்ட விரலை அவள் தன் கண்ணருகே கொண்டுசெல்லலாகாது.